செம்பனைக் காட்டில் வழி தவறிய ஞாயிறு

எங்கள் தொழிற்சாலையில் மூன்று கிடங்குகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் பத்து நிமிடம் ஆகும். தரம் பார்க்கும் பிரிவில் இருக்கும் நான், மாதிரிப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளில் ஏழெட்டு முறையாவது அந்த வழியில் போய்வர வேண்டும். வெயில் தாங்காமல் பெண்களெல்லாம் சேர்ந்து கேட்டதில் நிர்வாகம் ஆறு சைக்கிள்களை வாங்கிவிட்டது. முன்னால் கம்பிக்கூடை வைத்த பச்சைச் சைக்கிள்கள். கியர் கிடையாது. பிரேக் பிடிப்பதும் பிடிக்காததும் அதனதன் விருப்பம்.

ஒருநாள் மதியம் பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டாவது கிடங்குக்கும் மூன்றாவது கிடங்குக்கும் நடுவில் சாக்கடை நிரம்பி வழிந்து, ஒரு மரச்சட்டம் பாதைக்குக் குறுக்கே மிதந்து வந்து கிடந்தது. நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டு வந்தேன். கிட்டே வந்த பிறகுதான் சட்டத்தைப் பார்த்தேன். நிறுத்த நேரமில்லை. ஆனால் கைகள் பதறவில்லை. முன்சக்கரத்தை மேலே தூக்கின. அது தாண்டியதும் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது, கால்கள் பெடலைப் பின்பக்கமாக அள்ளித் தூக்கின, பின்சக்கரமும் தாண்டிவிட்டது. கூடையில் இருந்த பொட்டலங்கள் ஒரு முறை குதித்து அடங்கின.

நான் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சட்டம் அங்கேதான் கிடந்தது. அதைத் தாண்டியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. என் வயது நாற்பத்தைந்து. கடைசியாக அப்படி எதையாவது தாண்டியபோது எனக்குப் பதினான்கு.

எதிரே போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு வந்த மலாய்க்கார அம்மாள் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எல்லாரும் அவரை ‘காக்’ என்றுதான் கூப்பிடுவோம். மலாயில் அக்காவுக்கு அப்படித்தான் சொல்வார்கள். அதுவரை அவரும் நானும் சாப்பாட்டு அறையில் சிரித்துக்கொள்வதோடு சரி.

“நீ முன்ன ரேஸ் ஓட்டினவளா?” என்று மலாயில் கேட்டார்.

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

*

குளுவாங் டவுனுக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். வெட்டிய பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கு பார்த்தாலும் மவுண்டன் பைக் மோகம். டவுனில் இருந்த ஒரு சைக்கிள் கடைக்காரர் பள்ளி விடுமுறைகளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பந்தயம் வைப்பார். அப்பா எங்கேயோ பேசி, யாரோ ஓட்டிப் பழகிய ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தார். கத்தரிப்பூ நிறம், கட்டை டயர். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

பந்தயத்தில் பெண்கள் அபூர்வம். பெரிய பெண்கள் பிரிவில் நான்கு பேர் வந்தால் அதிகம், சின்னப் பெண்கள் பிரிவிலும் அதேதான். என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா பெரிய பிரிவில் ஓட்டுவாள். அவள் பந்தயம்தான் முதலில். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் அப்படியே குதித்து இறங்குவாள். அப்பா ஓடிவந்து திருகுசாவி போட்டு சீட்டை இரண்டு விரற்கடை கீழே இறக்குவார். அம்மா ஒரு துணியால் பிடியில் இருக்கும் சேற்றைத் துடைப்பாள். நான் ஏறி உட்கார்ந்தால் சீட்டு இன்னும் சூடாக இருக்கும். பெடலில் அவள் காலணி விட்டுப் போன மண் என் காலணியில் ஒட்டிக்கொள்ளும். என் பந்தயம் தொடங்கும்போது அவள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓரத்தில் நிற்பாள்.

அக்கா என்னைவிட வேகம். இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே மாட்டாள். நான் ஒரு முறைகூட முதலாவதாக வந்ததில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை. எனக்குப் பிடித்தது வேறு. தோட்டத்துக்குள் போன கொஞ்ச நேரத்தில் கூட்டம் பிரிந்துவிடும். முன்னால் போகிறவர்கள் மறைந்துவிடுவார்கள், பின்னால் வருகிறவர்களின் சத்தம் தேய்ந்துவிடும். மரங்களும் நானும் மட்டும் இருப்போம். மேலே மட்டைகள் கூரை மாதிரி மூடியிருக்கும். வெளிச்சம் பச்சையாக, தண்ணீருக்குள் இருப்பதுபோல அசையும். அப்போது நான் ஓட்டுகிறேனா, யாரோ என்னை எடுத்துப் போகிறார்களா என்று தெரியாது.

எனக்குப் பதினான்கு வயதானபோது ஒரு பந்தயத்தில் ஆள் போதாமல் இரண்டு பிரிவுகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஒரு சைக்கிள், ஒரே பந்தயம். யார் ஓட்டுவது என்று அப்பா எங்கள் முகத்தைப் பார்த்தார். அக்கா சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றி, அந்த ஊக்குகளாலேயே என் முதுகில் குத்திவிட்டு, “நீ போ” என்றாள். நான் போனேன். ஐந்து பேரில் நான்காவதாக வந்தேன். அதற்குப் பிறகு அக்கா அந்தச் சைக்கிளில் ஏறவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வருடம் அப்பாவுக்குத் துறைமுகத்தில் லோரி வேலை கிடைத்து நாங்கள் மாசாய்க்கு வந்துவிட்டோம். தாமான் குடியிருப்பின் சின்ன வீட்டில் சைக்கிளை வைக்க இடமில்லை என்று அப்பா அதைத் தோட்டத்திலேயே யாருக்கோ கொடுத்துவிட்டார். பிறகு பரீட்சை, தொழிற்சாலை, கல்யாணம், ஒரு மகன். எதையோ இழந்துவிட்டதாக நான் நினைத்ததில்லை. ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு கனவு வரும். ஓர் இறக்கத்தில் போய்க்கொண்டிருப்பேன். இறக்கம் முடியாது. கண் விழித்தால் கால்கள் போர்வைக்குள் விறைத்துக்கொண்டு இருக்கும். கணவரிடம்கூட அதைச் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

*

காக் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு தோட்டங்களுக்குள் சைக்கிள் ஓட்டப் போகிறவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வா வா என்று இரண்டு மாதம் கூப்பிட்டார். நான் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொன்னேன். மகன் பாலிடெக்னிக்கிலிருந்து வருகிறான், துணி துவைக்க வேண்டும், கோவிலுக்குப் போக வேண்டும். கடைசியில் காரணங்கள் தீர்ந்துவிட்டன.

தெப்ராவில் ஒரு சீனக் கிழவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். காக் என்னை அங்கே கூட்டிப் போனார். யாரோ வாங்கி இரண்டு மாதம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த சைக்கிள் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம். கிழவர் என்னை ஏறச் சொல்லி, என் முழங்கால் மடங்குவதைக் குனிந்து பார்த்து, சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நான் கடைக்கு வெளியே ஒரு சுற்றுப் போனேன். என் இடது கட்டைவிரல் பிடிக்கு அடியில் எதையோ தடவித் தேடிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்து சைக்கிளில் இடது கைக்கும் ஒரு கியர் உண்டு. இப்போது முன்னால் ஒரே பல்சக்கரம்தான், எல்லாம் வலது கைக்கு வந்துவிட்டது. கிழவர் என் விரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பழைய ஆள், என்றார் காக்கிடம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் தினமும் விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வேலை பார்க்கிறவர். இரண்டு சக்கரத்தில் ஆசையாக ஒருவர் ஏறுவார் என்பதே அவருக்குப் புரியவில்லை. எலும்பு முறிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். ஆறுமாதம் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்றேன். அடுத்த வாரம் கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் சைக்கிளை மாட்ட இரண்டு கொக்கிகளை அடித்து வைத்திருந்தார்.

முதல் ஞாயிறு உலு திராம் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் போனோம். உள்ளே நுழைந்து ஐந்து நிமிடத்தில் விழுந்தேன். பழைய பழக்கத்தில் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். அந்தக் காலத்து ரப்பர்க் கட்டை பிரேக்குக்கு அவ்வளவு பலம் தேவைப்பட்டது. இது விரல் பட்டாலே நின்றுவிடும் சாமான். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. பிடிக்கு மேலாகப் போய் அடுக்கி வைத்திருந்த காய்ந்த மட்டைகளுக்குள் விழுந்தேன். பெண்கள் ஓடிவந்தார்கள். முழங்கையில் ரத்தம். மட்டைகளின் வாசனை, ஈரமண், எங்கோ அழுகிக் கிடக்கும் உதிரிப் பழத்தின் புளிப்பு, எல்லாம் மூக்குக்குள் ஏறியது. முப்பது வருடமாக நான் முகராத வாசனை. எனக்கு எழுந்திருக்க மனமில்லை. காக் பயந்துவிட்டார். வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு ஞாயிறும் விடவில்லை.

*

எட்டு மாதம் கழித்து, குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் சின்னதாகப் பந்தயம் நடக்கிறது என்று காக் சொன்னார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவு. நாம் பிறந்த தோட்டமா என்று அக்கா தொலைபேசியில் கேட்டாள். இல்லை, அதற்கு எதிர்த்திசையில் இருக்கும் வேறு தோட்டம். அக்கா கல்யாணமாகி மறுபடியும் குளுவாங்கிற்கே போய்விட்டவள். அரசாங்கக் கிளினிக்கில் குமாஸ்தா. சனிக்கிழமையே வந்து தங்கு என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். என் சைக்கிள் கூடத்தில் சாய்ந்து நின்றது. அவள் கண் அடிக்கடி அதன் பக்கம் போனது. அப்போதுதான் கேட்டேன்.

“அன்னிக்கி நீ ஏங்க்கா என்னயப் போகச் சொன்ன?”

“என்னிக்கி?”

இரண்டு பிரிவையும் ஒன்றாக்கிய அன்றைக்கு என்றேன். அக்கா நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அலமாக், அதுவா? நான் விட்டுக் குடுத்தேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தியா? எனக்குப் பயம்டி.”

அந்தப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு அவள் தனியாக ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறாள். மரங்களுக்கு நடுவில் வெட்டியிருந்த வாய்க்காலைப் புல் மூடியிருந்தது. சைக்கிளோடு உள்ளே விழுந்துவிட்டாள். சைக்கிள் மேலே, அவள் கீழே. காலை எடுக்க முடியவில்லை. கத்தியிருக்கிறாள், யாரும் வரவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று தெரியாது, மட்டைகளுக்கு நடுவில் தெரிந்த துண்டு வானம் வெள்ளையாக இருந்து மஞ்சளாகும் வரைக்கும் என்றாள். பிறகு எப்படியோ காலை உருவிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் மட்டை முள் கிழித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்தக் கீறல்கள் நினைவிருந்தன. மஞ்சள் பூசிக்கொண்டு திரிந்தாள்.

“அப்புறம் ஏறணும்னு தோணல. அவ்வளவுதான் லா” என்றாள். மறுபடியும் நெத்திலியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முப்பது வருடமாக அவள் எனக்குச் செய்த பெரிய காரியம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அவள் வீட்டுக்கு எது வாங்கிப் போனாலும் அந்த நினைப்பு கொஞ்சம் இருக்கும். இப்போது பார்த்தால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அதற்குப் பதிலாக, வாய்க்காலுக்குள் தனியாகக் கிடந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளை அன்றுவரை எனக்குத் தெரியாது.

*

காலையில் தோட்டத்துக்குப் போனபோது பனி விலகவில்லை. மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன, அடிமரங்கள் இல்லை. தோட்டத்துப் பள்ளித் திடலில் கூடாரம் போட்டு, பலூன்களால் வளைவு கட்டியிருந்தார்கள். ஒருவர் ஒலிபெருக்கியில் மலாயில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். எல்லாப் பிரிவும் சேர்த்து அறுபது பேர் இருப்பார்கள். எங்கள் பிரிவில் ஒன்பது பெண்கள். காக் தூடோங் முக்காட்டின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். நான் கடைசியில் நின்றேன். அக்கா கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைபேசியோடு நின்றாள்.

விசில் ஊதியதும் போனோம். முதல் ஏற்றத்திலேயே காக்கும் இன்னும் நான்கைந்து பேரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். என் மூச்சு இரைந்தது. தொடைகள் எரிந்தன. ஏன் வந்தோம் என்று இரண்டு மூன்று தடவை நினைத்தேன். ஏற்றம் முடிந்து சமதரை வந்ததும், பின்னால் இருந்த இருவரின் சத்தமும் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. முன்னாலும் யாரும் இல்லை.

செம்பனையை முக்கோணம் முக்கோணமாக நடுவார்கள். அதனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நீண்ட வரிசை திறக்கும். ஓட்டிக்கொண்டே பார்த்தால் வரிசைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும், திறந்து மூடும். பனிக்குள் வெயில் சாய்வாக இறங்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு வெள்ளை வெளிச்சம் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு போனேன். மாடுகள் சில மரத்தடியில் படுத்திருந்தன, என்னைப் பார்த்தும் எழவில்லை. எங்கோ ஒரு பறவை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சு அடங்கிவிட்டது. கால்களை நான் சுற்றவில்லை, அவை சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு எத்தனை வயது என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். நான் வேலைக்குப் போகிறவள், ஒருவனின் தாய், நாளைக்குத் திங்கட்கிழமை என்பதெல்லாம் யாரோ எனக்குச் சொன்ன கதைபோலத் தூரத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனேன் என்று தெரியாது.

பாதை அகன்று செம்மண் சாலையானது. ஒலிபெருக்கியின் சத்தம் கேட்டது. அதற்குள்ளாகவா என்று நினைத்தேன். வளைவில் திரும்பினால் திடல் தெரிந்தது, பலூன் வளைவு தெரிந்தது. ஒலிபெருக்கிக்காரர் என் எண்ணைப் படித்தார். குரல் உயர்ந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் ஜுவாரா, ஜுவாரா என்று கத்தினார். முதலாவதாக வருகிறவர்களுக்கு மலாயில் சொல்லும் சொல் அது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் வளைவுக்கு அடியில் போய் நின்றேன். யாரோ என் தலையைக் குனியவைத்துக் கழுத்தில் பதக்கம் போட்டார்கள். அக்கா கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்து, சேற்றோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அந்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன. வெயில் பலூன்கள் வழியாக மஞ்சளும் சிவப்புமாக என் கையில் விழுந்தது. சின்ன வயதில் ஒருமுறைகூடக் கிடைக்காத இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அது எப்படி நடந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கனவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை அல்லவா? எல்லாம் சரியாகவே இருந்தது.

பிறகு காக்குக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூட்டத்தில் அவரைத் தேடினேன். காணவில்லை. முதல் ஏற்றத்திலேயே என்னைத் தாண்டிப் போனவர். நான் அவரைத் தாண்டவே இல்லையே. அப்படியானால் அவர் எங்கே?

அங்கே நின்றபடியேதான் விழித்துக்கொண்டேன். பந்தயம் தொடங்கும் முன் பாதையை விளக்கும்போது நடுவில் ஒரு குன்றைச் சுற்றி வரவேண்டும் என்று சொன்னார்கள். நான் எந்தக் குன்றையும் பார்க்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் கைபேசியைத் தாழ்த்தினாள். நான் பதக்கத்தைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு நேரம் குறிக்கும் மேசைக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெண்மணி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். நான் வழி தவறிவிட்டேன், குன்றுப் பக்கம் போகவில்லை என்றேன். அவர் என் எண்ணை வைத்துத் தேடினார். குன்றின் மேல் இருந்தவர்கள் என் எண்ணைக் குறித்திருக்கவில்லை. சொல்லாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தெரிந்திருக்கும்தான். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. முடிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா, இல்லை திரும்பப் போய் அந்தக் குன்றை ஓட்டிவிட்டு வருகிறீர்களா, எல்லாருக்கும் பின்னால் காவலாக வரும் எங்கள் கடைசி ஆள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்றார்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் பையைத் துழாவி ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“மொதல்ல இதக் குடி. அப்புறம் போ.”

ஒலிபெருக்கிக்காரர் விஷயத்தைச் சொன்னார். வெற்றி பெற்றவர் தானாகவே வந்து சொல்லிவிட்டார், இப்போது மறுபடியும் போகிறார் என்றார். மறுபடியும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு, பந்தய அமைப்பாளர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பின்தொடர்ந்து தோட்டத்துச் சாலை வழியாகப் போனேன். நான் தவறவிட்ட முனையைக் காட்டினார். அம்புக்குறி ஆள் உயரத்துக்கு இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு பெரியவரையும் உட்காரவைத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்கும் குரலில், கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை என்றார்.

குன்றில் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். உச்சியில் மரங்கள் இல்லை. தூரத்தில் லம்பாக் மலை நீலமாகத் தெரிந்தது. பனி முழுவதும் கலைந்துவிட்டிருந்தது. அந்தப் பக்கம் இறக்கம். நீளமான, கூழாங்கற்கள் நிறைந்த இறக்கம். நடுவில் ஒரு வாய்க்கால் தெரிந்தது, அதன்மேல் அகலமான பலகை போட்டிருந்தார்கள். எனக்கு அக்காவின் நினைப்பு வந்தது. கொஞ்ச நேரம் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றேன். பின்னால் கடைசி ஆள், விசில் மாட்டிய வயதான மலாய்க்காரர், அவசரமில்லை என்பதுபோல ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சைக்கிளை இறக்கத்தில் விட்டுவிட்டேன். சீட்டுக்குப் பின்னால் உடம்பைத் தள்ளி, முழங்கைகளைத் தளர்த்தி, பிரேக்கின் மேல் ஒரே ஒரு விரலை வைத்துக்கொண்டு. கற்கள் சக்கரத்துக்கு அடியில் பேசின. பலகை ஒரு முறை டொம்மென்று சொன்னது. காற்று காதுக்குள் நுழைந்து எல்லாச் சத்தத்தையும் எடுத்துக்கொண்டது. வருடக்கணக்கில் படுக்கையில் கண்டுகொண்டிருந்த இறக்கம் இதுதானா என்று எனக்குத் தெரியாது. அதில் வெயில் இருந்ததில்லை, வியர்வை கண்ணில் இறங்கி எரிந்ததில்லை. இது முடியவும் செய்தது. கீழே சமதரைக்கு வந்து சேர்ந்தபோது நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நான் மறுபடியும் வளைவுக்கு வந்தபோது பலூன்களில் பாதியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஆட்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது. அக்காவும் காக்கும் மட்டும் நின்றார்கள். காக் மூன்றாவதாக வந்திருந்தார். நடந்ததை அக்கா மலாயில் அவரிடம் சொல்லியிருந்தாள். காக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேசையில் இருந்த பெண்மணி என் நேரத்தை எழுதிக்கொண்டு, ஒன்பது பேரில் ஒன்பதாவது என்றார். பதக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், முடித்தவர்கள் எல்லாருக்கும் உண்டு என்றும் சொன்னார்.

அக்கா வீட்டில் குளித்துவிட்டுக் கூடத்துத் தரையில் படுத்தேன். சாப்பிடக்கூடத் தெம்பில்லை. ஒரு மணிக்கு மேல் மழை பிடித்தது. வாசல் தகரத்தில் அது அடித்த அடியில் அப்படியே அமிழ்ந்துபோனேன். தூக்கத்தில் கால்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. வரிசைகள் திறந்து மூடின. நடுவில் ஒரு முறை பாதி விழிப்பு வந்தது. மழை சிறுத்திருந்தது. பின்பக்கத்தில் அக்கா குழாய்த் தண்ணீரை என் சைக்கிள்மேல் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கிக்கொண்டு யாருடனோ பேசுவது கேட்டது. மாசாயில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவிடம்தான்.

“ஆமாம்மா, நம்ம பாப்பாதான். மொதல்ல வந்தா. நான் பாத்தேன்ல, எல்லாரும் கை தட்டுனாங்க. வீடியோ இருக்கு, அனுப்புறேன்.”

அம்மா அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டாள். அடி கிடி படவில்லை, தூங்குகிறாள் என்று அக்கா சொன்னாள். மீதியை அவள் சொல்லவில்லை. எழுந்துபோய் நான் சொல்லியிருக்கலாம். கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் சக்கரத்தின் கம்பிகளில் பட்டுச் சலசலத்துக்கொண்டிருந்தது. நான் மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டேன்.